ஜாக்கெட் கை இறுகுகிறதே!

கேள்வி: வயது 36, எடை 64 கிலோ. இரண்டு மாதமாக வாரம் மூன்று நாள் ஜிம்மில் வெயிட் தூக்குகிறேன். இளைப்பேன் என்று பார்த்தால் ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது. ஜாக்கெட் கையும் இறுகுகிறது. "பயில்வான் ஆகப்போறியா?" என்கிறார் மாமியார். இதை விட்டுவிட்டு வாக்கிங் மட்டும் போகட்டுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா, விடாதீர்கள். முதலில் ஜாக்கெட்டைப் பார்ப்போம். பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் அது லேசாக வீங்கி, நீர் கோத்துக்கொள்ளும். அதோடு, பயிற்சிக்குப் பழகும் தசை கிளைக்கோஜன் என்ற சர்க்கரையைக் கூடுதலாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்துவைக்கும். ஏறிய எடையில் பெரும்பங்கு இந்தத் தண்ணீராக இருக்கலாம். ஆனால் ஒன்று, ஜிம் போன பிறகு பசி கூடி, இரண்டு தோசை நான்காகியிருக்கிறதா? எனக்கு ஆகியிருந்தது.

நான் வெயிட் தூக்க ஆரம்பித்தது 41 வயதில். மேல்கை 11 அங்குலத்திலிருந்து பதினொன்றரைக்கு வர மூன்று வருடம் ஆனது. டெய்லர் பழைய அளவு நோட்டைப் புரட்டிவிட்டு, "கை அரை இஞ்ச் விடணும், இடுப்பு ரெண்டு இஞ்ச் பிடிக்கணும். என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்!

உங்கள் தெருவில் ஜிம் போகிற பையன் ஒருத்தன் இருப்பான். தினமும் ஆறு முட்டை சாப்பிட்டு, சட்டைக் கையை மடித்து மடித்துக் கண்ணாடி பார்ப்பான். அவனுக்கே எளிதில் வராத புஜம் உங்களுக்கு இரண்டு மாதத்தில் வந்துவிடுமா? தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு நம்மைவிடப் பத்து மடங்குக்கும் மேல். மேடை ஏறும் பெண் பாடிபில்டர்களின் உடம்பு பல வருடப் பயிற்சியிலும் கெடுபிடியான சாப்பாட்டிலும் வருவது. சிலர் மருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள். பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பாருங்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வெள்ளி வாங்கியது 49 கிலோ உடல் எடைப் பிரிவில்.

மாதவிடாய் தள்ளிப்போய், முகத்தில் முடியும் வளர்ந்தால் மட்டும் டாக்டரிடம் போங்கள். அதற்குக் காரணம் டம்பெல் இல்லை, பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு மாதிரி வேறு ஏதாவது இருக்கலாம்.

வாக்கிங் நல்லதுதான், இதயத்துக்கு. தோளுக்கும் முதுகுக்கும் அதில் பெரிதாக வேலை இல்லை. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும். இப்போதே பாரம் கொடுத்துவந்தால் அப்போது கை கொடுக்கும். நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதைப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் நகர்த்த முடிகிறதே, அதுவும் ஒரு சுகம். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த காலத்தில் யார் பயில்வான் ஆனார்கள் என்று மாமியாரிடமே கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள், சண்டை வேண்டாம்.

எத்தனை கிலோ தூக்குகிறீர்கள் என்று எழுதவில்லையே? பத்தாவது தடவை சற்றுத் திணற வேண்டும். திணறவில்லை என்றால் எடை போதாது. வாரம் ஒருநாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், மேல்கையையும் இடுப்பையும் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். பயிற்சி முடித்த கையோடு அளக்காதீர்கள், அப்போது கூடுதலாகத்தான் காட்டும். அப்புறம், தீபாவளி ஜாக்கெட்டுக்கு உள்தையலில் அரை இஞ்ச் துணி விடச் சொல்லுங்கள்.