வாசகர் கேள்விகள்: மாவுச்சத்து உடலுக்குள் என்ன ஆகிறது?

கேள்வி: இனிப்பைத் தொடுவதே இல்லை. சோறும் உருளைக்கிழங்கும்தான். ஆனாலும் சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை எகிறுகிறதே?

பதில்: நாக்குக்கு இனிக்காவிட்டாலும், சோற்றிலும் கிழங்கிலும் உள்ள ஸ்டார்ச் என்ற மாவுச்சத்து குளுக்கோஸ் சங்கிலிதான். வெறும் சோற்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், லேசாக இனிப்புத் தட்டும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி அங்கேயே சங்கிலியை வெட்டத் தொடங்கிவிடுகிறது. மிச்ச வேலையைக் கணைய நீரும் சிறுகுடல் சுவரின் நொதிகளும் முடிக்கின்றன. வெள்ளைச் சர்க்கரையிலோ பாதிதான் குளுக்கோஸ். மறுபாதியான ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலோடு நின்றுவிடும். ஆகவே, குழைய வெந்த ஸ்டார்ச் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சளைத்ததல்ல.

வேகவைத்து ஆறவைத்தால் ஸ்டார்ச்சில் கொஞ்சம் இறுகிச் செரிக்காத வடிவுக்கு மாறும் என்பது உண்மை. ஆனால் அது சிறு பகுதிதான், அதை நம்பி இரண்டு மடங்கு சாப்பிடாதீர்கள். பாக்கெட் உணவுகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சைச் சிறு துண்டுகளாக வெட்டிச் செய்த மாவு) இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்க்கரைக் கணக்கில் அது வராது, ஆனால் ரத்தத்தில் வேகமாக ஏறும்.

கேள்வி: மாவுச்சத்தை நிறுத்திய முதல் வாரமே 2 கிலோ குறைந்தது. கொழுப்புதானே கரைந்தது?

பதில்: பெரும்பகுதி தண்ணீர். உபரி குளுக்கோஸை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது: கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். இருப்பு வற்ற வற்ற அந்த நீரும் சிறுநீராகப் போய்விடும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் எடை ஏறுவதும் இதனால்தான். பயந்து மறுபடி பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு இருப்பும் ஒன்றல்ல. கல்லீரலில் இருப்பது பொதுக் களஞ்சியம், தசையில் இருப்பது அவரவர் வீட்டுக் குதிர். குளுக்கோஸை ரத்தத்துக்குத் திருப்பிவிடும் நொதி தசையில் கிடையாது, அதன் கையிருப்பு அதற்கே. மூளைக்கோ நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கல்லீரல் இருப்பு ஏறக்குறைய தீர்ந்துவிடும். பிறகு புரதத்திலிருந்தும், கொழுப்பின் ஒரு பகுதியான கிளிசராலிலிருந்தும் குளுக்கோஸ் தயாராகும், கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களும் கைகொடுக்கும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் மாவுச்சத்தைக் குறைக்கவே கூடாது.

கேள்வி: சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும்போது சாக்லேட் கொடுக்கலாமா?

பதில்: வேறு எதுவும் இல்லாவிட்டால் மட்டும். அதிலுள்ள கொழுப்பு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ரத்தச் சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது தண்ணீரில் கரைத்த 3 தேக்கரண்டி சர்க்கரை. 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பின், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் கொஞ்சம் ஸ்டார்ச் உணவு கொடுங்கள்.

அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவருக்கு வெள்ளைச் சர்க்கரை சரிவராது. அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவருக்கு நேரடிக் குளுக்கோஸே வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்புகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது. ஏன்?

பதில்: 200 மி.லி. பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை உண்டு. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி பலருக்கு வயது ஏற ஏறக் குறைகிறது. உடையாத லாக்டோஸ் பெருங்குடல் வரை போய், பாக்டீரியாக்களிடம் சிக்கி வாயுவாகும். தயிரில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் முன்பே தின்றுவிடுகின்றன. பாலை விட மனமில்லையென்றால் அரை டம்ளராக, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்துப் பாருங்கள். பலருக்கு அந்த அளவு தொந்தரவு தருவதில்லை.