“அவர் கட்டாரில அல்லவா?” – வாக்களிப்பு நிலைய முகவர் எப்போது எழும்ப வேண்டும்

கேள்வி: கடந்த தேர்தலில் எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஒரு சுயேச்சைக் குழுவின் முகவராக இருந்தேன். பத்து மணிபோல ஒருவர் வந்தார். வாசித்த பெயர் எங்கள் ஒழுங்கையிலிருந்து கட்டாருக்கு வேலைக்குப் போனவருடையது, வந்தவர் அவரில்லை. சீட்டை மடித்துக்கொண்டு பெட்டிக்குக் கிட்டப் போகும்போதுதான் எழும்பிச் சொன்னேன். “இப்ப சொல்லி வேலையில்ல, இருங்க தம்பி” என்றார் பொறுப்பதிகாரி. அவர் செய்தது சரியா?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் பிந்திவிட்டீர்கள்.

வாக்காளர் உள்ளே வந்ததும் அடையாள அட்டையைப் பார்த்து, தேருநர் இடாப்பிலுள்ள (வாக்காளர் பட்டியல்) அவரது இலக்கத்தையும் பெயரையும் அலுவலர் உரத்து வாசிப்பார். அது உங்கள் காதுக்காகவும்தான். வாசித்ததற்கும் வாக்குச்சீட்டு கைமாறுவதற்கும் இடையிலுள்ள சொற்ப நேரமே உங்களுடையது. ஆட்சேபணையை வந்தவரிடமல்ல, நிலையத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரிடம் சொல்லுங்கள்: “இலக்கம் இன்னது. இவர் அந்தப் பெயருக்குரியவர் அல்ல என்று ஆட்சேபிக்கிறேன். பிரகடனம் கேளுங்கள்.” இவ்வளவு போதும். வந்தவரோடு வாய்த்தர்க்கப்பட்டால் வெளியே அனுப்பப்படுவது நீங்களாகத்தான் இருக்கும்.

அப்போது அலுவலர் மேலதிக அடையாளச் சான்று கேட்கலாம். ‘இந்தப் பெயருக்குரியவர் நானே’ என்று எழுத்தில் பிரகடனம் செய்யச் சொல்லலாம். மறுத்தால் சீட்டுக் கொடுக்காமல் விடலாம். பேனாவை நீட்டியதும் மெல்ல நழுவுகிறவர்கள் உண்டு. ஒப்பமிட்டுவிட்டால் அவர் வாக்களிப்பார். நீங்கள் மறிக்க முடியாது. ஆனால் பொய்ப் பிரகடனம் என்ற தடயம் காகிதத்தில் நின்றுவிடும். ஆள்மாறாட்டம் சட்டத்தில் ஊழல் செயல். குற்றவாளியாகக் காணப்பட்டால் தண்டனையோடு 7 வருடங்களுக்கு வாக்குரிமையும் போகும். உங்கள் ஆட்சேபணையை நேரத்தோடு குறிப்பேட்டில் பதியும்படியும் கேளுங்கள்.

கட்டார்க் கதையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. “அவர் ஊரில இல்ல” என்பது ஆட்சேபணையே அல்ல. பெயர் இடாப்பில் இருந்து, அந்த ஆளே லீவில் வந்து நின்றால் அவருக்கு வாக்குண்டு. பெயரை வெட்டுவதற்கான இடம் இடாப்புத் தயாரிக்கும் காலத்துக் கிராம உத்தியோகத்தர் அலுவலகம், வாக்களிப்பு நிலையமல்ல. அங்கே எழுப்பக்கூடிய கேள்வி ‘இவர் அவரா?’ என்பது மட்டுமே. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அட்டை போன்றவை ஏற்கப்படும். தபாலில் வரும் வாக்காளர் அட்டை அடையாள ஆவணம் அல்ல. அது இல்லாமலும் வாக்களிக்கலாம்.

உண்மையான ஆள் பின்னேரம் வந்தால்? ‘உங்கட வாக்குப் போட்டாச்சு’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. அவர் தன்னை நிரூபித்தால் வேறு நிறச் சீட்டொன்று கிடைக்கும். அது பெட்டிக்குள் போகாது; பெயரும் இலக்கமும் எழுதித் தனி உறையில் வைக்கப்படும், அன்றிரவு எண்ணப்படவும் மாட்டாது. பிறகு பெறுபேற்றை எதிர்த்து நீதிமன்றத்தில் தேர்தல் மனு வந்தால்தான் அதற்குப் பெறுமதி. பாராளுமன்றத் தேர்தலானால் பெறுபேறு வர்த்தமானியில் வெளியாகி 21 நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். ஒரு கள்ள வாக்கு மட்டும் தேர்தலைக் கவிழ்க்காது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். மதியத்துக்குப் பிறகு, ‘இன்னும் வராதவர்கள்’ பட்டியலைத் துண்டில் எழுதி வெளியே நிற்கும் கட்சிப் பொடியனிடம் கொடுப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். வாக்கெடுப்பு முடியுமுன் யார் வாக்களித்தார், யார் வரவில்லை என்று வெளியே தெரிவிப்பது, முகவராக நீங்கள் காக்க வேண்டிய இரகசியத்தை மீறுவது. கள்ள வாக்குப் போட வருபவனுக்கு வேண்டிய பட்டியலும் அதேதான். கைத்தொலைபேசியை உள்ளே கொண்டு போகவே வேண்டாம்.

அடுத்தமுறை காலை 7 மணிக்கு முன்னரே நியமனக் கடிதத்தோடு போய்விடுங்கள். வெறும் பெட்டியைத் திறந்து காட்டி முத்திரையிடுவது அப்போதுதான். உங்கள் குழுவின் முத்திரையையும் அதில் வைக்கலாம். நீங்கள் வரவில்லை என்பதற்காக வாக்கெடுப்புச் செல்லாமல் போகாது. முடிந்ததும் பெட்டியின் வாய் மூடி முத்திரையிடுவதைப் பார்த்து, வாக்குச்சீட்டுக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: வந்தவை, கொடுத்தவை, பழுதானவை, மிஞ்சியவை. பெட்டிக்குள் இருப்பது கொடுத்த தொகையை மிஞ்சினால் அந்த நாலு எண்கள்தான் பேசும்.

பாராளுமன்றத் தேர்தலில் எண்ணும் இடத்துக்கு இந்தக் கடிதம் செல்லாது. வாக்கெண்ணும் முகவர் நியமனம் வேறு. 2018, 2025 உள்ளூராட்சித் தேர்தல்களில் எண்ணிக்கை வட்டார மட்டத்திலேயே நடந்தது. அப்படியான தேர்தலில் வாக்கெடுப்பு முடியும் நாலு மணியோடு வீட்டுக்குப் போகிற முகவர் பாதி வேலையை விட்டுவிட்டுப் போகிறார்.