'இன்னசென்ட்': தீங்கு செய்யாதவரா, ஒன்றும் தெரியாதவரா?

கேள்வி: 'இன்னசென்ட்' என்ற ஆங்கிலச் சொல் 'அறிதல்' என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, 'ஒன்றும் அறியாதவர்' என்பதே மூலப்பொருள் என்கிறார்கள். சரியா? தமிழில் எப்படிச் சொல்வது?

பதில்: சரியல்ல. லத்தீனில் 'நொகேரே' என்றால் தீங்கு செய்தல். 'நொகென்ஸ்' என்றால் தீங்கு செய்கிற. முன்னால் 'இன்' என்ற எதிர்மறை ஒட்டிக்கொள்ள, தீங்கு செய்யாத என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தொல்லையைக் குறிக்கும் 'நியூசன்ஸ்', நச்சுத்தன்மையைக் குறிக்கும் 'நாக்ஷியஸ்' இரண்டும் இதன் உறவுக்காரச் சொற்கள்தான். அறிதலைக் குறிக்கும் 'நோஸ்கெரே' வேறு வேர். ஒலி நெருக்கமாக இருப்பதாலும், குழந்தையையும் 'இன்னசென்ட்' என்பதாலும் இந்தக் குழப்பம் வருகிறது.

வேர் தெரிந்தால் எழுத்துப்பிழையும் குறையும். முன்னொட்டில் ஒரு 'என்' (n) எழுத்து, வேரின் தொடக்கத்தில் ஒரு 'என்', ஆகவே அங்கே அடுத்தடுத்து இரண்டு. தடுப்பூசி தொடர்பான 'இனாகுலேட்' என்ற சொல்லில் அந்த இடத்தில் ஒன்றுதான். அதன் வேர் 'ஓகுலுஸ்', கண். செடியின் மொட்டையும் லத்தீனில் அப்படியே சொன்னார்கள்; மொட்டை இன்னொரு செடியில் பதித்து ஒட்டுக்கட்டுவதே அச்சொல்லின் பழைய பொருள். பலர் இங்கும் இரண்டு 'என்' போட்டுவிடுகிறார்கள்.

தமிழில் ஒரே சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. போரில் மடிந்த மக்கள் என்றால் 'அப்பாவிகள்'. குழந்தையின் சிரிப்பு என்றால் 'கள்ளங்கபடமற்ற'. 'வெகுளி'யும் பொருந்தும், ஆனால் பழந்தமிழில் அது சினத்தைக் குறிக்கும். பழைய பாடலில் கண்டால் ஏமாந்துவிடாதீர்கள். சட்டத்தில் 'நிரபராதி'. குற்றம் நிரூபணமாகும்வரை எவரும் நிரபராதியே என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 11ஆம் பிரிவில் சொல்கிறது.

அதிகம் தவறுவது இங்கேதான். 'நாட் கில்டி' என்ற தீர்ப்பை 'நிரபராதி எனத் தீர்ப்பு' என்று எழுதக்கூடாது. குற்றச்சாட்டு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். 'குற்றவாளி அல்லர் எனத் தீர்ப்பு' என்பதே துல்லியம்.

கேள்வி: 'இம்பெக்கபிள்' என்பதும் இதே பொருளா?

பதில்: இல்லை. 'பெக்காரே' என்றால் பாவம் செய்தல். பாவம் செய்யவே இயலாத என்ற இறையியல் பொருளில் புழங்கிய சொல். இன்று உடை, உச்சரிப்பு, நடத்தை ஆகியவற்றுக்கு 'அப்பழுக்கற்ற' என்ற பொருளில் வருகிறது. வழக்கில் சிக்கியவர் குற்றம் செய்யவில்லை என்று சொல்ல இது உதவாது.