தட்டானைத் துரத்தாதீர்கள், குச்சியைப் பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தட்டான் என்றால் உயிர். வலை வாங்கித் தரச் சொல்கிறாள். எங்களிடம் செல்போன் கேமரா மட்டும்தான் இருக்கிறது. எப்போது, எங்கே போய்ப் பார்ப்பது? சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே இனமா? கொட்டுமா?

பதில்: கொட்டாது. தட்டானுக்குக் கொடுக்கே கிடையாது. பெரிய தட்டானை இறுக்கிப் பிடித்தால் கடிக்கும், அவ்வளவுதான். வலை வேண்டாம். இறக்கை கிழியலாம், காப்பகங்களில் அனுமதியில்லாமல் எந்த உயிரையும் பிடிக்கவும் கூடாது. அதைவிட, வலைக்குள் விழுந்த தட்டான் எதையுமே செய்து காட்டாது.

புரட்டாசி விரதம் முடியும் சமயத்தில் எண்ணிக்கை கூடத் தொடங்கும். தைப்பூசக் காவடி வெயிலில்தான் உச்சம். ஏப்ரலுக்குப் பின் குறையும். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் போங்கள். மேகம் மூடினால் புதருக்குள் பதுங்கிவிடும். டர்பன் தாவரவியல் பூங்காவின் ஏரிக்கரையே தொடங்கப் போதும்.

முதுகில் வெயில் படும்படி கரையில் உட்காருங்கள். தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாணல் நுனியைத் தேர்ந்தெடுத்து, கேமராவை அதை நோக்கிப் பிடித்துக் காத்திருங்கள். அங்கே உட்காரும் ஆண், பூச்சியைப் பிடிக்கவோ எதிரியை விரட்டவோ பறந்துபோய், பெரும்பாலும் அதே நுனிக்குத் திரும்பும். யாரை விரட்டுகிறது, யாரைச் சும்மா விடுகிறது என்று மகள் எழுதி வைக்கட்டும். இனச்சேர்க்கைக்குப் பின் பெண் வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும்போது, பல இனங்களில் ஆண் அதன் தலைக்கு மேலேயே நின்று காவல் காக்கும். உச்சி வெயிலில் வாலைச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்பது உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்க. கார் பானெட்டில் ஒரு தட்டான் வாலைத் தட்டிக்கொண்டிருந்தாலும் வியக்காதீர்கள். பளபளப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தண்ணீர் என்று எண்ணி ஏமாந்திருக்கிறது, பாவம்.

சிவப்பு ஒரே இனம் இல்லை. உங்கள் பக்கம் அதிகம் காணக்கூடியவை இரண்டு. வால்போல நீண்டிருக்கும் வயிறு அகன்று தட்டையாக இருந்தால் பிராட் ஸ்கார்லெட். வயிறு ஒல்லியாகவும், நுனியின் பக்கவாட்டில் கறுப்புத் திட்டுடனும், இறக்கை நரம்புகள் சிவப்பாகவும் இருந்தால் ரெட்-வெயின்ட் டிராப்விங். ஆகவே மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் இரண்டுமே தேவை. சிவப்பு முதிர்ந்த ஆணுக்குத்தான். பெண்கள் மஞ்சள், பழுப்பு நிறத்தில் இருக்கும், அவற்றைப் பெயர் சொல்வது கடினம். முதல் பருவத்தில் விட்டுவிடலாம் என்பேன். இறக்கையை மூடி உட்காரும் மெல்லியவை பெரும்பாலும் ஊசித்தட்டான்கள், அது தனிக் கிளை.

விளையாட்டு மைதானத்தின் மேல் மஞ்சள் பழுப்புத் தட்டான்கள் கூட்டமாக, உட்காராமல் சுற்றினால் அது பான்டலா ஃபிளாவெசென்ஸ். தமிழ்நாட்டில் மழைக்கு முன் கூட்டமாகப் பறப்பதும் இதே இனம்தான். இது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் காற்றோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடக்கிறது என்று 2009இல் கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். 1860இல் ட்ரூரோ கப்பலில் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனுக்குக் கடந்ததும் அதே பெருங்கடல்தான்.

இந்த நாட்டில் ஒவ்வொரு தட்டான் இனத்துக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் கொடுத்து நீர்நிலையின் நலத்தை அளவிடும் முறையும் உண்டு. எங்கும் வாழ்வதற்குக் குறைவு, அரியதற்கும் வாழிடம் கெட்டால் தாங்காததற்கும் அதிகம். படங்களை இடம், தேதியோடு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் பெயர் சொல்ல ஆள் கிடைப்பார்கள்.

நாணல் தண்டில் ஒட்டியிருக்கும் வெற்றுத் தோல்கூட்டை மட்டும் மகள் வீட்டுக்குக் கேட்கலாம். பூங்காக் காவலரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அதில் தொங்கும் வெள்ளை இழைகள், நீருக்குள் வாழ்ந்த இளம் பூச்சியின் மூச்சுக்குழாய் உறை. ஆனால் அதற்காகத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். நம் குவாசுலு-நடால் மாகாணத்தின் தேங்கிய, மெதுவாக ஓடும் நன்னீரில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா கிருமி தோல் வழியே உடலுக்குள் போகும். மாகாணத்தின் வடக்கே செயின்ட் லூசியா ஏரிப் பக்கம் போனால் நாணல் ஓரத்துக்கே போக வேண்டாம், அங்கே முதலையும் நீர்யானையும் உண்டு.