இலை மட்டும் விடுற மல்லி

கேள்வி: அக்கா, நாங்க தோட்டத்து லயத்துல இருந்தவங்க, தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, வாசல் பூரா சிமெண்டு. போர்ச்சுக்கு கீழ தொட்டியில மல்லி வச்சிருக்கேன், மாசாமாசம் யூரியா போடுறேன், இலை தளதளன்னு இருக்கு ஆனா ஒரு மொட்டு கூட இல்ல. மகன் வேற டெங்கி வரும் தூக்கிப் போடுங்கம்மான்னு திட்டுறான். காலையில எழுந்தா எதப் பாக்குறதுன்னே தெரியலக்கா.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, மொதல்ல யூரியாவ நிறுத்துங்க லா. அதுல இருக்கறது நைட்ரஜன், இலைக்குத்தான் தீனி. நிழல் வேற. வெயில் அஞ்சாறு மணி நேரம் படுற பக்கமா தொட்டிய நகத்துங்க, கிளை நுனிய வெட்டி விடுங்க, புதுத் தளிர்லதான் மொட்டு வரும்.

மகன் சொல்றது பாதி நியாயம். கொசு செடியில இல்ல, தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டுல. டெங்கி பரப்புற ஏடிஸ் கொசுவோட முட்டை கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால வாரம் ரெண்டு தடவ தட்ட கவுத்து நல்லா தேச்சுக் கழுவுங்க, முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். முடியலயா, தட்டே வேணாம், சிமெண்டு நனைஞ்சா நனையட்டும்.

காலையில எதப் பாக்குறதுன்னு கேட்டீங்களே, அதுதான் எனக்கு உறுத்துது. செம்பனைத் தோட்டத்து, அதான் எண்ணெய்ப் பனைத் தோட்டத்து, ரோட்டோரமா மஞ்சளும் வெள்ளையுமா ஒரு பூ நிக்குமே, எட்டு மணி போல விரிஞ்சி மத்தியானத்துக்குள்ள சுருங்கிடும், மலாய்ல புங்கா புக்குல் லாப்பான், எட்டு மணிப் பூன்னு சொல்வாங்க, அழகுக்கு நட்டதுன்னுதான் நான் ரொம்ப வருஷமா நெனச்சிட்டிருந்தேன். இல்லயாம். செம்பனை ஓலைய அரிக்கிற உலாட் புங்குஸ் இருக்கில்ல, அந்தப் புழுவுல முட்டை வைக்கிற குட்டிக் குளவிங்களுக்கு இந்தப் பூவோட தேன் வேணும், அதுக்காகத்தான் வரிசையா நட்டு வைக்கிறாங்க, மருந்து அடிக்கிறது கொறையும். எங்கம்மாவுக்கும் பூ வேலைதான், செம்பனைப் பூவுல கையால மகரந்தப் பொடி தூவுறது. 1981ல கேமரூன் நாட்டு வண்டு ஒண்ண கொண்டாந்து விட்டாங்க, தூவுற வேலைய அது பாத்துக்கிச்சு. பூச்சி என் சம்பளத்த தின்னுடுச்சுன்னு சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க.

பழைய லயத்துப் பக்கம் போனா சொல்லிட்டு அந்த எட்டு மணிப் பூச்செடியில ரெண்டு குச்சி ஒடிச்சிட்டு வாங்க, ஊணி வச்சாலே வேர் விடும். எட்டு மணிக்கு கோப்பிய எடுத்துக்கிட்டு அது முன்னாடி உக்காருங்க. மல்லி மொட்டு வச்சதும் அது விரியறது இருட்டுற நேரந்தான், அப்ப மகனையும் கூப்புடுங்க.