அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்-இல் இடம் கிடைக்காதவர்கள்தான் கனடா ஃபுட்பால் லீக்கில் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடித்து ஓடுபவர்) ஆகிறார்களா?

பாதி உண்மை. அமெரிக்காவிலிருந்து வரும் ரிசீவர்களில் பெரும்பாலோர் அங்கே வாய்ப்புக் கிடைக்காமல் வடக்கே வந்தவர்கள்தான். ஆனால் "அப்படியென்றால் இரண்டாம் தரம்" என்று முடிவு கட்டுவதற்கு முன், மில்ட் ஸ்டீகலின் கதையைக் கொஞ்சம் பாருங்கள்.

அமெரிக்காவின் சின்சினாட்டிக்காரர். சொந்த ஊர் என்.எஃப்.எல். அணியான பெங்கால்ஸில் 1992 முதல் 1994 வரை இருந்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1995-இல் கனடா அணியான வின்னிபெக் புளூ பாம்பர்ஸுக்கு வந்தார். அப்புறம் 2008 வரை 14 சீசன், வேறு அணிப் பக்கமே போகவில்லை.

இங்கே அவருக்கு மைதானமே கைகொடுத்தது. அவர் ஆடிய காலத்தில் கனடா மைதானம் 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம். அமெரிக்க மைதானத்தைவிட இரண்டு பக்கமும் பெரியது. பத்து யார்டு முன்னேற நான்கு டவுனுக்கு (முயற்சிக்கு) பதில் மூன்றுதான் என்பதால் பந்தை எறிந்தே ஆக வேண்டும். இதையெல்லாம்விட முக்கியமானது 'வாகிள்'. பந்து ஸ்னாப் ஆவதற்கு, அதாவது பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்குவதற்கு, முன்பே ரிசீவர்கள் தொடக்கக் கோட்டுப் பக்கம் ஓடி வரலாம். நேரத்தைச் சரியாகக் கணித்தால், ஆட்டம் தொடங்கும் நொடியில் நீங்கள் முழு வேகத்தில் இருப்பீர்கள். எதிரே நிற்பவரோ அப்போதுதான் பின்வாங்கத் தொடங்கியிருப்பார். ஸ்டீகல் மாதிரி வேகக்காரருக்கு அது போதாதா? 1997-இல் 61 கேட்ச், 1,616 யார்டு. சராசரியாக ஒரு கேட்சுக்கு 26.5 யார்டு! 2002-இல் 23 டச் டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது), லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது.

2006 ஜூலை, எட்மண்டனில் நடந்த ஆட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வின்னிபெக் 19-22 எனப் பின்தங்கியிருக்கிறது. மிச்சம் 4 நொடி. மூன்றாவது, அதாவது கடைசி டவுன், பந்து தங்கள் பக்கத்து 10 யார்டு கோட்டில். அதாவது இன்னும் 100 யார்டு போக வேண்டும். உள்ளூர் ரசிகர்கள் கிளம்பத் தயாராகியிருப்பார்கள். பந்தை எறியும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் கெவின் கிளென் தூக்கி எறிந்தார், ஸ்டீகல் பிடித்து ஓடினார், ஆட்டம் 25-22 என்று முடிந்தது.

இவ்வளவு செய்தவருக்கு லீக் சாம்பியனுக்கான கிரே கோப்பை மட்டும் கிடைக்கவே இல்லை. 2001 இறுதிப் போட்டியில் கால்கரியிடம் தோல்வி. 2007-இல் இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் கிளென் கை உடைந்துபோனது. மாற்று குவார்ட்டர்பேக்கை முதல்முறையாக ஆரம்பத்திலிருந்தே இறக்கி, இறுதிப் போட்டியில் சஸ்காச்சுவானிடம் 19-23 எனத் தோற்றார்கள். ரிசீவர் வேலையில் இதுதான் கொடுமை: எவ்வளவு நன்றாக ஓடினாலும் பந்து வேறொருவர் கையிலிருந்துதான் வர வேண்டும்.

சம்பளத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என்.எஃப்.எல். பக்கத்தில்கூட வராது. ஆனால் வின்னிபெக்கில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு டி.எஸ்.என். என்ற விளையாட்டுத் தொலைக்காட்சியில் ஆட்ட விமர்சகராகவும் வந்தார்.

பந்தைப் பிடித்து அவர் எடுத்த மொத்தம் 15,153 யார்டு என்ற சாதனையை 2012-இல் இன்னொரு ரிசீவரான ஜெராய் சைமன் தாண்டினார். சைமனிடம் மூன்று கிரே கோப்பைகளும் உண்டு. ஆனாலும் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஸ்டீகல் கட்சிதான். மொத்தம் 147 டச் டவுன் அடித்தவரை எப்படி ஐயா ஒதுக்குவது?