2012-ல் உலகம் அழியும் என்று மாயன்கள் உண்மையிலேயே எழுதி வைத்தார்களா?

இல்லை. அவர்கள் எழுதியது ஒரு தேதி, அவ்வளவுதான்.

மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பழங்குடி மக்களான மாயன்கள் கணக்கை இருபது இருபதாகப் போட்டவர்கள். ஒரு புள்ளி என்றால் 1, ஒரு கோடு என்றால் 5, சிப்பி வடிவம் என்றால் பூஜ்யம். இரண்டு கோட்டின் மேல் மூன்று புள்ளி வைத்தால் 13. நாள் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான், ஓர் இடத்தில் மட்டும் 20-க்குப் பதில் 18: 20 நாள் ஒரு வினால், 18 வினால் (360 நாள்) ஒரு துன், 20 துன் ஒரு கதுன், 20 கதுன் ஒரு பக்துன். அதாவது 1,44,000 நாள். இந்த எண்ணிக்கை கி.மு. 3114-ல் தொடங்குகிறது.

2012 டிசம்பர் 20 அன்று கணக்கு 12.19.19.17.19 (பக்துன், கதுன், துன், வினால், நாள் என்ற வரிசையில்). மறுநாள் 13.0.0.0.0. வண்டி ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரில் 9999 போய் 10000 வருமே, அதேதான். வண்டி வெடித்தா போகிறது?

மெக்சிகோவில் டோர்டுகேரோ என்ற இடத்து மாயன் கல்வெட்டு ஒன்று அந்த நாளைக் குறிப்பிட்டு, ஒரு தெய்வம் இறங்கி வருவதைச் சொல்கிறது. அழிவு என்ற பேச்சே இல்லை. அப்புறம், பலெங்கே என்ற மாயன் நகரத்துக் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். கி.பி. 615-ல் பட்டமேறிய பகால் மன்னரின் முடிசூட்டு ஆண்டுநிறைவை கி.பி. 4772 வரை கொண்டுபோய்க் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2012-லேயே எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பியவன் இப்படி எழுதுவானா?

சரி, மாயன்களே அழிந்துபோனார்களே என்பீர்கள். அதுவும் தப்பு. 9-ஆம் நூற்றாண்டையொட்டித் தெற்கு நகரங்கள் பல காலியாயின, உண்மைதான். ஆனால் மக்கள் அழிந்துபோகவில்லை. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றும் பல லட்சம் பேர் மாயன் மொழிகள் பேசுகிறார்கள். குவாத்தமாலா மலைப்பகுதியில் 260 நாள் சடங்கு நாட்காட்டியைப் பார்த்து நாள் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.